ஒட்டுக் கள்ளிச் செடிகளில் காணும் புள்ளி நோயைப் பரிசோதித்துத் தரவும், நாற்றங்கால்களை ஆய்வு செய்யவும் கோரும் மனு

அனுப்புநர்:
கோட்டையூர் குடியிருப்பாளர்,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
தோட்டக்கலைத் துணை இயக்குநர் அவர்கள்,
தோட்டக்கலை மற்றும் மலைப்பயிர்கள் துறை,
சிவகங்கை மாவட்டம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தண்ணீர் அதிகம் கேட்காத செடி என்பதால் கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பகுதி வீடுகளின் முற்றங்களில் கள்ளி வளர்க்கும் ஆர்வம் இருந்து வருகிறது. நானும் அண்மையில் இப்பகுதி நாற்றங்கால் ஒன்றில், சிவப்புக் குமிழ் ஒட்டப்பட்ட மூன் கேக்டஸ் செடி ஒன்றை வாங்கினேன். வீட்டிற்குக் கொண்டுவந்த சிறிது காலத்திலேயே அதில் இரண்டு விதமான நிறமாற்றங்கள் தெரிந்தன. அவை இரண்டும் ஒரே காரணத்தால் வந்தவை அல்ல என்றே கருதுகிறேன்.

முதலாவது, மேலுள்ள சிவப்புக் குமிழில், மேற்கு வெயில் படும் பக்கத்தில் மட்டும் வெளிறிய திட்டு ஒன்று உள்ளது. அது காய்ந்து இறுகியிருக்கிறது, பரவவும் இல்லை. நிழல்வலைக்குள் வளர்ந்த செடி திடீரென வெயிலுக்கு வந்ததால் ஏற்பட்ட வெயில் காயமாகவே இதைக் கொள்ளலாம். எனக்குக் கவலை தருவது இரண்டாவதுதான். பச்சை நிற அடித்தண்டின் மூன்று விளிம்புகளிலும் கடுகளவில் மஞ்சள் புள்ளிகள் தோன்றி, நடுவே சற்றுக் குழிந்து, ஆரஞ்சு கலந்த பழுப்பு நிறமாகி, ஒன்றோடொன்று சேர்ந்து சொறி போலத் தடித்துள்ளன. முற்றிய இடத்தில் ஊசிமுனையளவு கரும்புள்ளிகளும் தெரிகின்றன. நகத்தால் சுரண்டினால் உரிந்து வராததால் இது செதில் பூச்சி அன்று. வெள்ளைத் தாளின் மேல் செடியைத் தட்டிப் பார்த்ததில் ஊர்ந்து செல்லும் எதுவும் விழாததால் சிலந்திப்பேனாகவும் தெரியவில்லை. முதுமையால் வரும் தக்கைத் தன்மை அடியிலிருந்துதான் மேலேறும். இதுவோ விளிம்புகளில் ஆங்காங்கே தோன்றியுள்ளது. தண்டு கொழகொழவென்று அழுகவோ நாற்றமடிக்கவோ இல்லை.

இத்தகைய செடியின் சிவப்புக் குமிழில் பச்சையம் இல்லை. அது அடித்தண்டு தயாரிக்கும் உணவை நம்பியே உயிர் வாழ்கிறது. அந்த அடித்தண்டு டிராகன் பழக் கொடியின் இனமான ஹைலோசீரியஸ் ஆகும். மலேசியா, தைவான் போன்ற நாடுகளில் டிராகன் பழத் தோட்டங்களைத் தாக்கும் நியோசைட்டாலிடியம் என்னும் பூஞ்சாணத்தின் அறிகுறிகளும் ஏறத்தாழ இவ்வாறே இருக்கும். ஆந்த்ராக்னோஸ் என்னும் மற்றொரு பூஞ்சாண நோயும் இதே தண்டில் வரக்கூடியது என்பதால், ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்க்காமல் இன்ன நோய் என்று உறுதி சொல்ல இயலாது. டிராகன் பழம் பயிரிடத் துறையே ஊக்கமளித்து வரும் நிலையில், அதே இனத் தண்டு அழகுச் செடி என்ற பெயரில் சோதனையின்றி ஊர் ஊராக விற்கப்படுவதைத் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும். ஒட்டுக் கட்டும் கத்தியைச் சுத்தம் செய்யாமல் அடுத்தடுத்த செடிகளுக்குப் பயன்படுத்தினால், கள்ளிகளைத் தாக்கும் வைரஸ்களும் சாற்றின் வழியே பரவும்.

செடியை விற்றவர், தண்ணீரைக் குறைத்தால் போதும் என்று சொல்லிவிட்டார். விளக்கம் கேட்டு நான் சென்ற அலுவலகம் ஒன்றில், இது பயிர் அன்று என்பதால் பார்க்க இயலாது என்றனர். எந்த நோய் என்று தெரியாமல் கடையில் கொடுக்கும் பூஞ்சாணக்கொல்லியைத் தெளிப்பது சரியன்று என்பதால், செடியை மற்றச் செடிகளிலிருந்து விலக்கி வைத்துள்ளேன்.

ஆகவே, இச்செடியின் தண்டில் நோயுற்ற பகுதியும் நல்ல பகுதியும் சேரும் ஓரத்திலிருந்து மாதிரி எடுத்து, குன்றக்குடி வேளாண் அறிவியல் மையத்திலோ செட்டிநாட்டிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக நிலையத்திலோ பரிசோதிக்க ஏற்பாடு செய்து, முடிவை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன். பூஞ்சாணம் என்று உறுதியானால், இவ்வட்டார நாற்றங்கால்களில் உள்ள ஒட்டுக் கள்ளிகளையும், அவற்றுக்கான தண்டுகள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் ஆய்வு செய்து, நோயுற்றவற்றை அழிக்க உத்தரவிட வேண்டும். அழகுச் செடிகளின் மாதிரிகளையும் மறுக்காமல் பெற்றுக்கொள்ளுமாறு வட்டார அலுவலர்களுக்கு அறிவுறுத்தவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் குறிப்பிடும் நாளில் செடியைத் தொட்டியுடன் நேரில் கொண்டுவரத் தயாராக உள்ளேன்.

இணைப்பு: தண்டின் நிழற்படங்கள், கடை ரசீதின் நகல்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
கோட்டையூர்