பலகைக்கு இந்தப் பக்கம் நின்றவர்களுக்கு

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள எல்லோருக்கும்,

சாதாரண தரப் பரீட்சைக் கணிதத்துக்கு நான் வெண்பலகையில் எழுதிப் பதிந்த காணொளிகள் நூறைத் தாண்டிவிட்டன. அவற்றில் தெரிவது என் கையும் குரலும் மட்டும்தான். அது நியாயமில்லை.

முதல் நன்றி பக்கத்து வீட்டு அக்காவுக்கு. 2020 பங்குனியில் பள்ளிக்கூடங்கள் மூடியதும் ஒரு வேகத்தில் தொடங்கிவிட்டேன், போனை நிறுத்தத்தான் ஒன்றுமில்லை. அவர் உடுப்புக் காயப்போடும் கம்பத்தைப் பிடுங்கித் தந்தார். கச்சான் காற்று வீசத் தொடங்கியபோது பதிவில் பாடத்தைவிடக் காற்றின் இரைச்சலே கூடுதலாகக் கேட்டது. சரி, விடிய நாலரைக்குப் பதிவோம் என்றால் அவருடைய சேவல்! கூடையால் மூடிப் பார்த்தார். வர்க்கபூர்த்திப் பாடத்தில் அது கூவுவதை இன்றும் கேட்கலாம்.

அப்புறம் என் மருமகன். "மாமா, பலகையை மறைச்சிட்டு நிக்கிறீங்க" என்று அவன் சொல்லும்வரை, இருபது வருடமாக வகுப்பிலும் அப்படித்தான் நின்றிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாது. எழுதியதைப் பிள்ளைகள் பார்த்து முடிக்குமுன் அழித்தும் விடுகிறேன். கான் அகாடமி என்ற இணையப் பாடத் தளத்தைத் தொடங்கிய சல்மான் கான் 2004இல் தொலைவிலிருந்த உறவுக்காரப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி, 2006இல் யூடியூபில் காணொளி போட்டபோது, அவரை நேரில் கேட்பதைவிட அதுவே மேல் என்று உறவுப் பிள்ளைகள் சொன்னார்களாம். இந்தக் கதையைச் சொன்னதும் அவன்தான். கொஞ்சம் சுட்டது. ஆனால் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், "உங்களை நாலு தரம் திருப்பிக் கேட்டேன் சேர்" என்றபோது விளங்கியது. கை உயர்த்தித் திரும்பக் கேட்கிற வெட்கம் போனிடம் இல்லை. அவன் முகம் சுளிப்பதைப் போன் பார்க்காது என்பதும் உண்மைதான். அதனால்தான் ஒவ்வொரு கணக்கின் நடுவிலும் "இங்கே நிறுத்து, நீயே செய்து பார்" என்று சொல்லி வைக்கிறேன்.

டேட்டா போட வசதியில்லாத வீடுகளுக்காகக் காசு வாங்காமல் காணொளிகளைப் போன் மெமரி சிப்பில் ஏற்றித் தந்த கொமினிகேசன் கடைத் தம்பிக்கும், அந்தச் சிப்புகளை டிக்கெட் பையில் போட்டு மூதூர்வரை கொண்டுபோன கண்டக்டர் அண்ணனுக்கும் பெரிய நன்றி. 2022இல் மின்வெட்டு 13 மணி நேரம்வரை போன நாட்களிலும் அந்தப் பை வெறுமையாகப் போகவில்லை.

மூதூர்த் தங்கச்சி, உன்னை மறக்கவில்லை. சய 3ஆல் (−3) எக்ஸ் சய 4ஐப் (x − 4) பெருக்கும்போது கடைசியில் சய 12 (−12) என்று எழுதினேன். சக 12 (+12) வரவேண்டும். வந்துபோன சிப்போடு நீ வைத்த துண்டுக் காகிதத்தில் நிமிடமும் வினாடியும்கூட இருந்தன. அந்தப் பாடத்தை நான் திரும்பப் பதியவில்லை, பிழை எங்கே என்று கேட்டுத் தொடக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன். இப்போது எல்லோரும் என் பிழை தேடியே கடைசிவரை பார்க்கிறார்கள்.

அக்கா, கம்பம் இன்னும் என்னிடம்தான். பிள்ளைகளின் சோதனை முடியத் தந்துவிடுகிறேன்.

நன்றியுடன்,
கணக்கு சேர்