பஞ்சு இப்போது நலம்

அன்புள்ள மகளுக்கு,

உன் முயல் பஞ்சு இப்போது நலம். இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், இல்லாவிட்டால் கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டுப் போன் செய்வாய்.

உன் கோபம் நியாயம்தான். உன் அம்மா வாய் தவறிச் சொல்லியிருக்காவிட்டால் நான் இன்னும் ஒரு வாரம் மறைத்திருப்பேன். நீ அங்கே உட்கார்ந்து அழுவாய், இங்கே முயலையும் பார்த்துக்கொண்டு உன்னையும் தேற்ற வேண்டும், இரண்டும் என்னால் ஆகாது என்று நினைத்தேன். சரி, நடந்ததை முழுசாகச் சொல்கிறேன். உன் அம்மா சொல்லும்போது 'அவள்' என்பாள். நான் அந்தக் காலத்து இலக்கணம் படித்தவன். அஃறிணைக்கு 'அது'தான்.

காலையில் கதவைத் திறந்ததும் என் காலைச் சுற்றி இரண்டு வட்டம் போடுமே, செவ்வாய்க்கிழமை அது நடக்கவில்லை. அலமாரிக்குப் பின்னால் குறுகி உட்கார்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. காய்ந்த புல் முந்தின இரவு வைத்தபடியே இருந்தது. புழுக்கைத் தட்டைப் பார்த்தேன். வழக்கமாகப் பட்டாணி பட்டாணியாகத் தட்டு நிறையக் கிடக்கும். அன்றைக்கு நாலைந்துதான், அதுவும் மிளகு போலச் சிறுத்து இறுகி. மடியில் எடுத்து வைத்தால் பல்லை நறநறவென்று கடித்தது. நெற்றியைத் தடவும்போது மெல்ல அரைக்குமே, அது சுகத்துக்கு. இது வலிக்கு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய். ஆறு வருஷத்தில் அன்றுதான் என் காதில் விழுந்தது.

ஃபிரிட்ஜ் கதவில் நீ ஒட்டிவிட்டுப் போன தாள் இன்னும் இருக்கிறது. 'பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடவில்லை என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதே அப்பா.' அதை இரண்டாம் முறை படிக்காமல் கூடையை எடுத்துவிட்டேன்.

முதலில் போன மருத்துவர் நாய், பூனை பார்ப்பவர். ஆனால் நேர்மையான மனிதர். தனக்கு முயல் பழக்கமில்லை என்றார். மற்ற பிராணிகளுக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் சில ஆன்டிபயாட்டிக் மருந்துகளை முயலுக்கு வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து உயிருக்கே ஆபத்தாகிவிடுமாம். முயல் பார்ப்பவர் ஒருவரின் முகவரியை எழுதித் தந்து அனுப்பிவைத்தார். தெரியாது என்று சொல்லும் டாக்டரை அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

இரண்டாமவர் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். குடல் சத்தமே இல்லை, ஓட்டம் நின்றுபோயிருக்கிறது என்றார். அப்புறம் வாயைத் திறந்து சின்ன விளக்கடித்துக் காட்டினார். கடைவாய்ப் பல்லின் ஓரம் ஊசி மாதிரி வளர்ந்து நாக்கைக் கீறியிருந்தது. முயலுக்குப் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், மணிக்கணக்கில் புல்லை அரைத்தால்தான் தேயும் என்பதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். "புல் குறைவாகச் சாப்பிடுகிறதா? வேறு என்ன கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒப்புக்கொள்கிறேன். வாழைப்பழம். இரவு நான் ஒரு பழம் உரித்தால் அந்தச் சத்தத்துக்கு எங்கிருந்தாலும் ஓடி வரும். பின்னங்காலில் எழுந்து என் முழங்காலில் கை வைக்கும். ஒரு துண்டு கொடுப்பேன். அப்புறம் இன்னொன்று. இனிப்பில் வயிறு நிறைந்தால் புல் யாருக்கு வேண்டும்? இவ்வளவுக்கும் நீ முயல் கொண்டுவந்த அன்று, இந்த வீட்டில் நானா முயலா என்று கேட்டவன் நான். காதைப் பிடித்துத் தூக்கி உன்னிடம் அலறல் வாங்கியவனும் நான்தான். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற பழமொழிக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டான்.

தோலுக்கடியில் திரவம் ஏற்றி, வலிக்கு ஊசி போட்டார்கள். உடம்பு கொஞ்சம் தேறியதும் மயக்கம் கொடுத்துப் பல்லை மட்டம் செய்யலாம் என்றார். "அதுவரை வயிற்றைக் காலியாக விடாதீர்கள்" என்றார். ஆபரேஷனுக்கு முன்னால் பட்டினி போட வேண்டாமா என்று கேட்டேன். முயலுக்கு வாந்தியே வராதாம், அதனால் மயக்கத்துக்கு முன்னால் பட்டினி தேவையில்லை, போட்டால்தான் கெடுதல். எனக்கு இது புதுச் செய்தி.

அன்று இரவு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊட்டினோம். உன் அம்மா துண்டில் சுற்றி மார்போடு பிடித்துக்கொள்வாள், காது மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முன்பல்லுக்கும் கடைவாய்க்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. ஊசியில்லாத சிரிஞ்சை அங்கே பக்கவாட்டில் நுழைத்துப் புல் கூழைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதல் தடவை பாதி என் கண்ணாடியில். இரண்டாம் தடவை மென்றது. விடிவதற்கு முன்னால் உன் அம்மா என்னை உலுக்கி எழுப்பினாள். "போட்டுட்டா! போட்டுட்டா!" துண்டில் மூன்றே மூன்று புழுக்கை. உனக்கு ஆறு மாதத்தில் மலச்சிக்கல் வந்தபோதும் இதே குரல்தான்.

பல் வேலை வெள்ளிக்கிழமை முடிந்தது. இன்று காலை புல் தட்டு பாதி காலி.

டாக்டர் சொன்ன ஒன்று மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை. முயல் வலியை வெளியே காட்டாது. காட்டில் நொண்டுவதைத்தான் நரியும் பருந்தும் முதலில் குறிவைக்கும், அதனால் முடிந்தவரை ஒன்றுமில்லாதது போலவே உட்கார்ந்திருக்கும். நமக்குத் தெரியவரும்போது நோய் முற்றியிருக்கும். முகத்தைப் பார்க்காதீர்கள், தட்டைப் பாருங்கள் என்றார். போனில் உன்னிடம் நான் 'எப்படி இருக்கிறாய்' என்று கேட்பதில்லை, 'என்ன சாப்பிட்டாய்' என்றுதான் கேட்கிறேன். நீ எரிச்சல்படுகிறாய். பட்டுக்கொள்.

இனி நீ கேட்ட விஷயம். புது வீட்டில் இடம் இருக்கிறது, பஞ்சுவைக் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டிருந்தாய். முயல் உன்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் நீ வேலைக்குப் போனால் பத்து மணி நேரம் வீடு பூட்டிக் கிடக்கும். பூட்டிய அறை மதியம் முப்பது டிகிரியைத் தாண்டினால் அதற்குத் தாங்காது, வியர்க்காத உடம்பு, பெரும்பாலும் காது வழியாகத்தான் சூட்டை விட வேண்டும். செவ்வாய்க்கிழமை மாதிரி ஒரு காலை நீ அவசரமாகக் கிளம்பியிருந்தால் யார் தட்டைப் பார்ப்பது? இதெல்லாம் உனக்குச் சொல்கிற காரணம்.

இன்னொன்றும் இருக்கிறது. உன் அம்மா ஒன்பதரைக்கே படுத்துவிடுகிறாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் விழித்திருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். நான் பேப்பரை விரிப்பேன், ஓரத்தைக் கடித்து இழுக்கும். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் தொப்பென்று சாய்ந்து காலை நீட்டிக்கொள்ளும். முதல் தடவை செத்துப்போய்விட்டதோ என்று பதறினேன். பயமில்லாத இடத்தில்தான் அப்படிப் படுக்கும் என்று நீதான் போனில் சொன்னாய்.

அடுத்த மாதம் லீவு கிடைக்கும் என்றாயே, வா. வந்து பார்த்துவிட்டு முடிவு செய். வரும்போது எதுவும் வாங்கிவர வேண்டாம். சார்ஜரை மட்டும் தரையில் போடாதே, அவள் வயரைக் கண்டால் விடமாட்டாள்.

அன்புடன்,
அப்பா