வாசகருக்கு நாம் பட்ட கடன்

அன்புள்ள நண்பருக்கு,

உடல்நலம் தேறி மீண்டும் எழுத உட்கார்ந்துவிட்டீர்கள் என்றறிந்து மகிழ்ந்தேன். அரசியல் எழுதும் வலைப்பதிவர், சம்பளம் தராத வாசகருக்கு ஏன் கடமைப்பட வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். சென்ற மாதம் எனக்கு நேர்ந்ததையே பதிலாகச் சொல்கிறேன்.

ஒரு சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர் என்று ஒரு வேட்பாளரைப் பற்றி எழுதியிருந்தேன். உண்மையில் அவர் அன்று அவைக்கே வரவில்லை. தவறு தெரிந்ததும் யாருக்கும் சொல்லாமல் அந்த ஒரு வரியை மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்தேன். பிறகு ஒரு வாசகர் எழுதினார். என்னை நம்பித் தம் அண்ணனிடம் வாதாடியவர், ஆதாரம் காட்டுவதற்காகக் கட்டுரையைத் திறந்தபோது அதில் வேறு செய்தி இருந்திருக்கிறது. பொய்யர் என்ற பெயர் அவருக்கு, திருத்திய புண்ணியம் எனக்கு! ஆசிரியர் குழு இல்லாத நாம் அந்த வேலையையும் சேர்த்தே செய்தாக வேண்டும். இப்போது பழைய வரியை அடித்துக் காட்டி, எந்த நாளில் ஏன் மாற்றினேன் என்பதைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே எழுதுகிறேன்.

புனைபெயரில் எழுதுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 1787-88இல் அமெரிக்க அரசியல் சாசனத்தை ஆதரித்து ஹாமில்டன், மேடிசன், ஜே ஆகிய மூவரும் ‘பப்ளியஸ்’ என்ற ஒரே பெயரில் 85 கட்டுரைகள் எழுதினார்கள். ஆனால் அவர்களில் இருவர் அந்தச் சாசனத்தை வகுத்த மாநாட்டிலேயே அமர்ந்தவர்கள் என்பதை அந்தப் பெயர் சொல்லவில்லை. எனக்கு அதுதான் நெருடல்.

பணத்தின் கதை இன்னும் விசித்திரம். ஒரு பொருளைப் பரிந்துரைக்க நிறுவனத்திடம் பணம் பெற்ற வலைப்பதிவர் அதைச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2009இல் தன் வழிகாட்டுதலில் சேர்த்தது. அதே நாட்டின் தேர்தல் ஆணையம் 2006இல் வகுத்த இணைய விதிகளோ, வேட்பாளரிடம் பணம் பெற்று எழுதுபவர் அதைத் தம் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை; கணக்குக் காட்டும் பொறுப்பைப் பிரசாரக் குழுவிடமே விட்டது. சோப்புக்கு உள்ள கண்டிப்பு வாக்குக்கு இல்லை. சட்டம் கேட்காவிட்டாலும் வாசகர் கேட்பார் என்று எண்ணியே நான் எழுதுகிறேன்.

உங்கள் மைத்துனர் இம்முறை போட்டியிடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தொகுதியைப் பற்றி எழுதுவதானால், உறவை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்; அவர் கோபித்துக்கொண்டால் என்னைக் கைகாட்டுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்