ஹார்லெக் கோட்டையில் கூட நடந்த பெரியவருக்கு நன்றி

வேல்ஸ் நாட்டின் ஹார்லெக் கோட்டையில் ஒரு மதியம் முழுக்க எங்களோடு நடந்த உள்ளூர்ப் பெரியவருக்கு இந்த நன்றி. பெயரைக் கேட்டோம், சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் 1283இல் கட்டத் தொடங்கிய கோட்டை அது. பிரம்மாண்டமான வாயில் கோபுரங்களைப் பார்த்ததும் போதும் என்று நாங்கள் கிளம்பியிருப்போம். அவர்தான் மேற்கு மதிலுக்கு அழைத்துப் போனார். இன்று கடல் எங்கோ தள்ளி இருக்கிறது. அன்று பாறையின் அடிவாரம் வரை தண்ணீர் வந்ததாம். பாறையோரம் இறங்கும் படிக்கட்டைக் காட்டினார். 1294இல் வேல்ஸ் தலைவர் மடோக் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி செய்து முற்றுகையிட்டபோது, அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்த உணவுதான் உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றியது. கோட்டையை ஏன் அங்கே கட்டினார்கள் என்பது அந்தப் படிகளைப் பார்த்த பிறகே எனக்குப் புரிந்தது.

ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடிய வேல்ஸ் தலைவர் ஓவைன் க்ளின்டூரைப் பற்றிச் சொல்லும்போது பெரியவரின் குரலே மாறியது. 1404இல் கோட்டையைப் பிடித்து, அங்கேயே குடும்பத்தோடு தங்கியவர் ஓவைன். 1409இல் கோட்டை விழுந்தது. ஓவைன் தப்பிவிட்டார்; மனைவியும் மகள்களும் பிடிபட்டார்கள். சொந்த வீட்டுச் சோகம் போல அதைச் சொன்னார்.

அப்புறம், “எட்வர்ட் கட்டியதோடு நின்றுவிடாதீர்கள், டோல்விதெலனுக்கும் போங்கள்” என்றார். வேல்ஸ் இளவரசர் லெவெலின் எழுப்பிய கோட்டை அது. எங்கள் பட்டியலிலேயே இல்லை. போய்ப் பார்த்தோம் ஐயா. மனமார்ந்த நன்றி.