கேள்வி கேட்டால் குழுவிலிருந்து நீக்கமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் மாட்டுங்காவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியை. 2025 ஏப்ரல் 22 அன்று காஷ்மீரின் பஹல்காம் அருகே பைசரன் புல்வெளியில் பயங்கரவாதிகள் நடத்திய படுகொலைக்கு மறுநாள், எங்கள் கட்டிடத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு வரி எழுதினேன்: "இவ்வளவு கூட்டம் வரும் பைசரன் புல்வெளியில் காவலுக்கு ஏன் யாரும் இல்லை?" பத்தே நிமிடத்தில் செயலாளர் என்னை நீக்கிவிட்டார். 26 பேரைப் பறிகொடுத்த நேரத்தில் நான் அரசியல் பேசுகிறேனாம்.

மும்பையைப் பயங்கரவாதிகள் தாக்கிய 2008 நவம்பர் 26 அன்று எனக்கு சிஎஸ்டி (சத்ரபதி சிவாஜி) ரயில் நிலையத்தில் பகல் பணி. மாலை லோக்கலைப் பிடித்து வீடு வந்துவிட்டேன். இரவு அதே நிலையத்தில் 50-க்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஏகே-47க்கு எதிரே நம் காவலர்களிடம் இருந்தவை பழைய .303 துப்பாக்கிகள். கிர்காவ் சௌபாத்தி கடற்கரையில் பயங்கரவாதி கசாபை விடாமல் பிடித்துக்கொண்டே உயிர்விட்டாரே காவலர் துக்காராம் ஓம்ப்ளே, அவர் கையில் வெறும் லத்தி. இதைச் சொன்னால் அவருக்கு இழுக்கா?

அன்றிரவு கொல்லப்பட்ட மும்பை போலீஸ் அதிகாரி ஹேமந்த் கர்கரேயின் மனைவி கவிதா, கணவர் அணிந்திருந்த குண்டு துளைக்காத உடை எங்கே என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டார். காணவில்லை என்று பதில் வந்தது. அவரையும் எந்தக் குழுவிலிருந்தாவது நீக்கியிருப்பார்களோ? தாக்குதலை விசாரித்த பிரதான் குழுவின் அறிக்கையையும் அரசு உடனே வெளியிடவில்லை. நாலு பேர் விடாமல் கேட்ட பிறகு, 2009 டிசம்பரில்தான் சட்டமன்றத்துக்கு வந்தது.

சரி, எதையும் எப்போதும் பேசலாம் என்று நான் சொல்லவில்லை. அன்று தாஜ் ஹோட்டலில் கமாண்டோக்கள் நடமாடுவதை டிவிக்காரர்கள் நேரலையில் காட்டினார்கள். 2012 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே அதைக் கண்டித்தது. துப்பாக்கிச் சத்தம் கேட்கும் வரை வாயை மூடிக்கொள்ளலாம். அது ஓய்ந்த பிறகும் மூடிக்கொள் என்றால் எப்படி?

2025 ஜூலையில் ஜம்மு காஷ்மீர் துணைநிலை ஆளுநர் மனோஜ் சின்ஹாவே, பஹல்காமில் நடந்தது பாதுகாப்புக் குறைபாடுதான், அதற்குத் தானே பொறுப்பு என்று சொன்னார். செய்தித்தாளில் அந்தத் துண்டை வெட்டிச் செயலாளரிடம் கொடுத்தேன். படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. குழுவில் இன்னும் சேர்க்கவும் இல்லை. தண்ணீர் லாரி எப்போது வரும் என்பதைக்கூட எதிர்வீட்டு மாமியிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியை,
மாட்டுங்கா, மும்பை