டர்போவை யாரும் திருட்டுத்தனமாகப் பொருத்தவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்றியமைக்கப்பட்ட கார்களால் வரும் ஆபத்து பற்றித் தங்கள் நாளிதழின் கோவைப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவிநாசி சாலை மேம்பாலத்தில் நள்ளிரவில் கார் ஓட்டி விளையாடுகிறவர்களைக் கண்டித்திருந்தீர்கள். அதில் எனக்கு மறுப்பே இல்லை. கணபதியில் வீல் அலைன்மென்ட் பட்டறை வைத்திருப்பவன் நான். அந்தக் கூட்டத்தில் சிலர் என் பட்டறைக்கும் வருவார்கள், என்னிடம் திட்டும் வாங்குவார்கள். ஆனால் கட்டுரையின் நடுவில், 'சாதாரண கார்களில் ரகசியமாக டர்போ பொருத்திப் பந்தயக் கார் ஆக்குகிறார்கள்' என்று ஒரு வரி வந்தது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

டர்போவை இன்று யாரும் ரகசியமாகப் பொருத்த வேண்டியதில்லை. ஷோரூமிலேயே பொருத்தித்தான் தருகிறார்கள். மாருதி ஃப்ரான்க்ஸ் ஒரு லிட்டர் டர்போ 100 குதிரைத்திறன். ஹூண்டாய் ஐ20 என் லைன் 120. ஃபோக்ஸ்வாகன் போலோவில் 2020 முதல் 2022இல் அந்தக் கார் நிற்கும்வரை வந்த டிஎஸ்ஐ என்ற டர்போ எஞ்சின் 110. மூன்றிலும் இருப்பது ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் எஞ்சின். வீணாக வெளியே போகும் புகையை வைத்தே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றி, கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் திணிப்பதுதான் டர்போ. அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை சுற்றும். இந்தக் கார்களில்தான் பாதிப் பேர் குடும்பத்தோடு மருதமலைக்குப் போய் வருகிறார்கள்.

இதே கார்களைச் செட்டிபாளையம் கார் பந்தய ஓடுபாதைக்கும் கொண்டு போகிறார்கள். அங்கே 'டிராக் டே' என்று நாள் ஒதுக்குவார்கள். கட்டணம் கட்டி, ஹெல்மெட் போட்டு, காரைச் சோதனைக்குக் காட்டி, நம் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கலாம். பந்தயம் கிடையாது, பரிசு கிடையாது. எதிரே வண்டி வராது, குறுக்கே மாடு வராது. 1980களின் இறுதியில் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கட்டிய எஸ். கரிவரதன் பெயரில் அமைந்த ஓடுபாதை அது. அவர் 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். 2005இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் நம் ஊர்க்காரர்தான். இப்படிப்பட்ட ஊரின் நாளிதழ் ஓடுபாதைக்காகத் தயாரான காரையும் மேம்பாலத்தில் அலறுகிற காரையும் ஒரே படத்துக்குக் கீழே போட்டால் எனக்கு வலிக்கிறது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு அலைன்மென்ட்காரனாகச் சொல்கிறேன். பையன்களும் போலீஸ்காரர்களும் தங்கள் நிருபரும் ஒரு விஷயத்தில் ஒரே கட்சி. காரை மாற்றுவது என்றால் எஞ்சின் சக்தியைக் கூட்டுவது, சத்தத்தைக் கூட்டுவது என்று மூன்று பேருமே நினைக்கிறார்கள். ஓடுபாதைக்குக் காரைத் தயார் செய்கிறவர் கடைசியாகத்தான் எஞ்சினைத் தொடுவார். பெரும்பாலும் தொடவே மாட்டார்.

பிரேக்கிலிருந்து தொடங்குவோம். ஓட்டுநரோடு சேர்த்து 1,150 கிலோ எடையுள்ள ஒரு கார் நேர்பாதையில் 140 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. வளைவுக்காக 60க்குக் குறைக்க வேண்டும். அந்த நான்கைந்து வினாடிகளில் பிரேக்குகள் விழுங்க வேண்டிய ஆற்றல் சுமார் 700 கிலோ ஜூல். சாதாரணத் தண்ணீர் இரண்டு லிட்டரைக் கொதிக்க வைத்துவிட அது போதும். அதிலும் பெரும்பங்கு முன் சக்கரங்கள் இரண்டின் தலையில் விழும். அடுத்த வளைவில் மறுபடி, அதற்கடுத்த வளைவில் மறுபடி. செட்டிபாளையம் பாதை மொத்தமே 2.1 கிலோமீட்டர்தான். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் இருப்பது 3.7 கிலோமீட்டர். சின்னப் பாதையில் வளைவுகள் அடுத்தடுத்து வருவதால் பிரேக் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது.

சாலைக்கென்று செய்த பிரேக் பேடு இந்தச் சூட்டில் பிடிப்பை இழந்துவிடும். அதைவிட மோசம் பிரேக் ஆயில். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஆனால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய அதே ஆயிலுக்கு விதி எதிர்பார்ப்பது 155 டிகிரிதான். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவி உருவாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதித்தால் பெடல் தரை வரைக்கும் போகும், கார் நிற்காது. ஐடி கம்பெனியில் வேலை செய்யும் ஒரு தம்பி டிராக் டே முடிந்து, முகமெல்லாம் வெளிறிப்போய் என்னிடம் வந்தார். "அண்ணா, மூணாவது ரவுண்டுலயே பிரேக் புடிக்கல" என்றார். அவர் போலோ டிஎஸ்ஐயில் ஈசியூ (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்) ரீமேப், ஏர் ஃபில்டர், பெரிய புகைக்குழாய் எல்லாம் இருந்தன. செலவு லட்சத்தைத் தாண்டியிருந்தது. பிரேக் ஆயில் கம்பெனியில் ஊற்றியதுதான், காப்பி நிறத்தில் கிடந்தது. அதை மாற்றச் சில நூறு ரூபாய் போதும்.

அடுத்தது டயர், என் பிழைப்பே அதில்தான். டிராக் டே முடிந்து வரும் காரின் முன் டயரைக் கழற்றிப் பார்த்தாலே ஓட்டியவர் என்ன செய்தார் என்று சொல்லிவிடுவேன். நடுப்பகுதி புதிதாக இருக்கும், வெளித்தோள், அதாவது வெளிப்பக்க ஓரம் மட்டும் எலி கடித்ததைப் போலப் பிய்ந்திருக்கும். காரணம் கேம்பர், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் கோணம். சாலைக் காரின் முன் சக்கரம் கிட்டத்தட்ட செங்குத்தாகத்தான் நிற்கும். வளைவில் கார் சாயும்போது டயரும் வெளிப்பக்கம் சாய்ந்து, முழு எடையும் வெளி ஓரத்தில் உட்காரும். முன் சக்கரத்தின் மேல்பக்கத்தை இரண்டு டிகிரி போல உள்ளே சாய்த்து வைத்தால் வளைவில் டயர் தரையோடு படிந்து நிற்கும். பல சின்னக் கார்களில் கம்பெனி இதற்கு வசதி வைத்திருக்காது. அதற்கென்று விற்கும் போல்ட் வாங்கிப் போட வேண்டும். பின்பக்கத்தில் இரண்டு சக்கரத்துக்கும் குறுக்கே ஒரே பீம்தான், அங்கே திருக ஒன்றும் இல்லை. இரண்டு டிகிரி வைத்தவர்கள் தினமும் நெடுஞ்சாலையில் ஓட்டினால் இப்போது உள்தோள் தேயும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். கேட்டுக்கொண்டு போய், மூன்று மாதத்தில் டயரோடு சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு.

காற்றழுத்தத்தை யாரும் கண்டுகொள்வதே இல்லை. குளிர்ந்த டயரில் 32 பிஎஸ்ஐ வைத்தால் நான்கைந்து சுற்றில் அது 38ஐத் தாண்டலாம். வீங்கிய டயர் வழுக்கும். ஓட்டி முடித்த உடனே சூட்டோடு அளந்து, காற்றை இறக்க வேண்டும். வீட்டுக்குக் கிளம்பும்முன் மறுபடி ஏற்ற வேண்டும். திருப்பூரிலிருந்து ஒரு பல் டாக்டர் அம்மா வருவார். மாருதி பலேனோ ஆர்எஸ் வைத்திருக்கிறார். 102 குதிரைத்திறன், 950 கிலோ எடை, பின்னாலும் டிஸ்க் பிரேக். 2017இல் வந்து சில வருடத்தில் நின்றுபோன கார், அதன் அருமை அப்போது யாருக்கும் தெரியவில்லை. அவர் கையடக்க டைரி ஒன்றில் நான்கு டயரின் குளிர் அழுத்தம், சூடான அழுத்தம், வெயில், ஓட்டிய நேரம் எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறார். எஞ்சினை அவர் தொடவில்லை. நல்ல டயர், சூடு தாங்கும் பிரேக் பேடு, புது ஆயில், கேம்பர் போல்ட், அவ்வளவுதான் செலவு. மேலே சொன்ன போலோ தம்பிக்கு அந்த டைரியைக் காட்டச் சொல்லி நானே அவரிடம் கேட்டிருக்கிறேன்.

எஞ்சினுக்கும் வருகிறேன், இல்லாவிட்டால் ஒதுக்கிவிட்டேன் என்பார்கள். டர்போ எஞ்சினில் ரீமேப் செய்வது சுலபம். எவ்வளவு காற்று திணிக்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரில் மாற்றி எழுதினால் 110 என்பது 130, 140 வரை போகும். ஆனால் கோவை வெயிலில் ஓடுபாதையில் அந்தக் கூடுதல் சக்தி சில சுற்றுகளுக்கு மேல் நிற்காது. அழுத்திய காற்று சூடாகும். இன்டர்கூலர் அதை ஆற்றப் பார்க்கும், ஒரு கட்டத்தில் அதுவே சூடேறிவிடும். சூடான காற்றில் பெட்ரோல் தானாகவே முன்கூட்டி வெடிக்கப் பார்க்கும். அந்தத் தட்டலை உணர்ந்து ஈசியூவே பொறியைத் தாமதப்படுத்திச் சக்தியைக் குறைத்துவிடும். காசு கொடுத்து வாங்கிய குதிரைகள் ஐந்தாவது சுற்றில் லாயத்துக்குத் திரும்பிவிடும். குறைக்க முடியாதபடி மேப் எழுதியிருந்தால் பிஸ்டன் உடையும். ஆகவே ஆற்றும் வழியை முதலில் பார்க்க வேண்டும். நல்ல எஞ்சின் ஆயிலை அடிக்கடி மாற்றுவது, ரேடியேட்டரையும் இன்டர்கூலரையும் சுத்தமாக வைப்பது, கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டுவது, ஓட்டி முடித்த உடனே எஞ்சினை நிறுத்தாமல் ஓரிரு நிமிடம் ஓட விடுவது. சட்டென்று நிறுத்தினால் டர்போவின் தண்டைச் சுற்றியிருக்கும் ஆயில் அங்கேயே கருகும். ஹேண்ட் பிரேக்கையும் இழுக்கக் கூடாது, சூட்டில் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

மேம்பாலத்தில் கேட்கிறதே அந்தப் பட்பட் சத்தம், அது வேகமே அல்ல. காலை எடுத்த பிறகும் பெட்ரோலை ஊற்றி, பொறியைத் தாமதமாக்கி, புகைக்குழாய்க்குள் எரிய விடுகிறார்கள். அதில் ஒரு வினாடிகூடக் குறையாது. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர்தான் கெடும், பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்து அழும்.

இன்னொன்றையும் எச்சரிக்க வேண்டும். சிலர் படத்தில் பார்த்துவிட்டுக் காருக்குள் இரும்புக் கூண்டு கட்டச் சொல்கிறார்கள். பந்தயத்தில் அது உயிரைக் காக்கும், ஏனென்றால் அங்கே தலையில் ஹெல்மெட் இருக்கும், சீட்டோடு உடம்பைக் கட்டியிருக்கும். ஹெல்மெட் இல்லாமல் காந்திபுரம் சிக்னலில் பின்னாலிருந்து ஒருவர் இடித்தால் அதே இரும்பு மண்டையை உடைக்கும். தினமும் ஓட்டும் காரில் கூண்டு வேண்டாம்.

சட்டத்துக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. நல்ல சட்டம்தான். ஆனால் பிரேக் பேடு, ஆயில், அதே அளவில் நல்ல டயர் போன்றவற்றால் ஆர்.சி.யில் எந்த விவரமும் மாறுவதில்லை. தங்கள் கட்டுரை சொல்லும் 'மாற்றங்கள்' என்ற ஒரே சொல்லுக்குள் இவையும் அடைபட்டுப்போகின்றன. படித்துவிட்டு ஒரு அப்பா, மகன் வாங்கி வைத்த பேடுகளைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதெல்லாம் கேஸாகுமா?" என்று என்னிடம் கேட்டார். மகன் புகைக்குழாயைக் கழற்றி வைத்ததைப் பற்றி அவர் கேட்கவில்லை.

அந்த அப்பாக்களுக்கு இன்சூரன்ஸ் பற்றியும் தாங்கள் எழுதியிருக்கலாம். நம் ஊர் சாதாரண மோட்டார் பாலிசி பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்கு ஓட்டும்போது செல்லாது. ஓடுபாதையில் தடுப்பில் மோதினால் செலவு முழுவதும் நம் பையிலிருந்துதான். இது தெரிந்தால் முதல் நாளே யாரும் எல்லை வரை போய்ப் பார்க்க மாட்டார்கள்.

மேம்பாலத்தில் ஓட்டுகிறவனைப் பிடியுங்கள், வண்டியைப் பறிமுதல் செய்யுங்கள், படத்தோடு போடுங்கள். கூடவே அவனுக்கு இன்னொரு இடம் இருக்கிறது என்பதையும் போடுங்கள். என்னிடம் வரும் பையன்களில் பாதிப் பேருக்கு டிராக் டே எப்போது, கட்டணம் எவ்வளவு, பந்தய உரிமம் வேண்டுமா என்று எதுவும் தெரியாது. தெரிந்தவர்களும் கட்டணத்தைக் கேட்டுப் பின்வாங்குகிறார்கள். ஓடுபாதை நடத்துகிறவர்கள் சின்னக் கார்களுக்கென்று ஒரு சனிக்கிழமை மாலையைக் குறைந்த கட்டணத்தில் ஒதுக்கலாம். அன்று காரைச் சோதிக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், பணம் வேண்டாம், டீ போதும்.

தங்களிடம் கேட்பது சின்ன விஷயம். 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் கும்பாபிஷேகம், கண் சிகிச்சை முகாம், கோலப் போட்டி எல்லாம் போடுகிறீர்கள். செட்டிபாளையத்தில் டிராக் டே இருக்கும் வாரத்தில் தேதி, நேரம், கட்டணம் என்று அதிலேயே இரண்டு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
வீல் அலைன்மென்ட் பட்டறைக்காரர்,
கணபதி, கோயம்புத்தூர்.