வெள்ளைக் குச்சியும் வால்வு டியூப்பும்

சாத்தூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள தேனு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. இடது கண்ணில் புரை எடுத்து, சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தேன். இப்போது பரவாயில்லை. நேற்று ஊசியில் நானே நூல் கோத்தேன்.

உங்கள் அடுக்குமாடியில் கிளப் அறையை ஒதுக்கி, பிளாஸ்டிக்கில் பொருளையே அச்சடிக்கும் 3டி பிரிண்டரும் டிரில்லும் வாங்கி வைத்து, நாலு மாதமாகியும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை என்று புலம்பியிருந்தாய். எனக்குச் சிரிப்புதான் வந்தது. உன்னைப் பார்த்து இல்லை. போன வருஷம் நானும் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவள்தான்.

ரிட்டயர் ஆனதும் கை சும்மா இருக்கவில்லை. எங்கள் தெரு மகளிர் குழுக் கட்டடம் ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டித்தானே கிடக்கிறது என்று சாவியை வாங்கி, ‘கைவினை மற்றும் அறிவியல் பயிலரங்கம்’ என்று நோட்டீஸ் ஒட்டினேன். வந்தது நாலு பேர். அதில் இரண்டு பேர் என்னிடம் பிசிக்ஸ் படித்தவர்கள், டீச்சர் கூப்பிட்டுப் போகாமல் இருந்தால் நன்றாயிருக்காது என்று வந்தவர்கள். பயிலரங்கம் என்றதும் பரீட்சை வைப்பாள் என்று மற்றவர்கள் பயந்துவிட்டார்களோ என்னவோ.

அப்புறம் நோட்டீஸை மாற்றினேன். ‘வீட்டில் ஓடாமல் கிடக்கும் பொருளைக் கொண்டு வாங்க, சேர்ந்து பார்ப்போம்.’ அந்த ஞாயிறு வாசலில் செருப்பு விட இடமில்லை.

இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா என்ற பெண்மணி 2009 அக்டோபரில் ‘ரிப்பேர் கஃபே’ என்று ஒன்றைத் தொடங்கி, இப்போது பல நாடுகளில் அது நடக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு பழக்கம்தான். பொருளைக் கொடுத்துவிட்டுப் போய் மாலையில் வாங்கிக்கொள்கிற பேச்சே இல்லை. கொண்டு வந்தவர் கூடவே உட்கார வேண்டும், திருப்புளியைப் பிடிக்க வேண்டும்.

முதல் நாள் வந்த ஏழு மிக்ஸியில் நாலுக்கு எந்த நோயும் இல்லை. அடியில் சிவப்பாக ஒரு பொத்தான் இருக்குமே, மாவு கெட்டியாகி மோட்டார் திணறினால் தானே அணைந்துவிடும், அதை அழுத்தினால் போதும். எதிர்வீட்டு அக்கா எட்டு மாதமாக அம்மியில் அரைத்தாளாம். பொத்தானை அவளையே அழுத்தச் சொன்னேன். மிக்ஸி ஓடியதும் அவள் என்னைத் திட்டினாள், இதை ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று!

ஒரு சங்கடமும் வந்தது. பஜாரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். “டீச்சரம்மா, நீங்க பென்ஷன் வாங்குறீங்க. என் பொழப்புல ஏன் மண்ணப் போடுறீங்க?” நியாயமான கேள்விதான். பதில் சொல்லத் தெரியாமல், அடுத்த வாரம் வந்து நீங்களே பாருங்கள் என்றேன். வந்தார். பொத்தான் அழுத்துவதும் ஃபேன் கண்டென்சர் மாற்றுவதும் அங்கேயே முடிந்தன. காயில் கருகியதெல்லாம் அவர் கடைக்கே போயின. இப்போது அவர்தான் எங்கள் வாத்தியார். அவருக்கு நாற்காலி, எனக்கு ஸ்டூல்.

பிள்ளைகளுக்கு அவர் மோட்டார் செய்யச் சொல்லிக்கொடுத்ததை நீ பார்த்திருக்க வேண்டும். ஒரு டார்ச் பேட்டரி, இரண்டு ஊக்கு, ஒரு காந்த வளையம், பேட்டரியைச் சுற்றிப் பத்துச் சுற்றுச் சுற்றிய எனாமல் செப்புக் கம்பி. எனாமல் பூச்சு மின்சாரத்தை விடாது, அதனால் சுருளின் ஒரு முனையில் அதை முழுக்கச் சுரண்ட வேண்டும். மறுமுனையில் பாதி வட்டம்தான் சுரண்டலாம். எல்லாப் பிள்ளைகளும் சுத்தமாக இருக்கட்டும் என்று இரண்டையும் பளபளவென்று சுரண்டிவிட்டார்கள். சுருள் தொட்டில் மாதிரி ஆடிவிட்டு நின்றது. அண்ணன் விளக்கினார்: அரைச் சுற்று தாண்டியதும் அதே மின்சாரம் சுருளைத் திரும்பப் பின்னால் இழுக்கும், அந்த நேரத்தில் மின்சாரம் போகாமல் இருந்தால்தான் வந்த வேகத்தில் மீதிச் சுற்றையும் முடிக்கும். இருபத்தெட்டு வருஷம் இதைக் கரும்பலகையில் வரைந்தவள் நான். பிளேடைப் பிடித்து ஒருநாளும் சுரண்டியதில்லை.

அரவிந்த் குப்தாவைப் பற்றி அறிவியல் இயக்கக் கூட்டத்தில் நாம் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து டாடாவின் லாரி கம்பெனியான டெல்கோவில் வேலை பார்த்தவர், 1978-இல் லீவு போட்டுவிட்டு மத்தியப் பிரதேசத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்துக்குப் போனார். அங்கேதான் சைக்கிள் வால்வு டியூப்பைத் துண்டு போட்டு, தீக்குச்சிகளை அதில் சொருகி வடிவங்கள் செய்யும் யோசனை பிறந்தது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

நம் ஊரில் குச்சிக்கா பஞ்சம்? மருந்து முக்காத வெள்ளைக் குச்சி ஒரு பை, சைக்கிள் கடையிலிருந்து வால்வு டியூப். பிள்ளைகளுக்காகத்தான் வைத்தேன். கூட்டிக்கொண்டு வந்த அம்மாக்கள் தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்கிறவர்கள். ஞாயிறும் குச்சியா என்று முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு ஒருத்தி கையைக் கொடுத்தாள் பார், பிள்ளைகள் ஒரு முக்கோணம் முடிப்பதற்குள் அவள் மூன்று முடித்துவிட்டாள். விரல் குச்சியைப் பார்ப்பதே இல்லை. சதுரம் அழுத்தினால் சாய்ந்தது, முக்கோணம் அசையவில்லை. “எங்க ஓட்டு வீட்டுக் கூரையில போட்டிருக்கிறது இதானே டீச்சர்” என்றாள் சாதாரணமாக. ஒரு டியூப் துண்டில் மூன்றாவது குச்சி சொருக ஓட்டை போட வேண்டியிருந்தது. ஊசியைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் வெளியே போய்ச் சீமைக்கருவேல முள் ஒன்றை ஒடித்து வந்தாள். அன்றைக்கு எல்லோருக்கும் முள்தான்.

உங்கள் பிரிண்டரை விற்கச் சொல்லவில்லை. புனே பக்கம் பாபல் கிராமத்தில் கல்பாக் என்ற விஞ்ஞானி 1983-இலேயே விஞ்ஞான் ஆசிரமத்தைத் தொடங்கி, கிராமத்துப் பிள்ளைகளுக்கு வேலை செய்தபடியே படிக்கக் கற்றுக்கொடுத்துவந்தார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆரம்பித்த ஃபேப் லேப், அதாவது கம்ப்யூட்டர் மிஷின்களால் பொருள் செய்யும் பட்டறை, அங்கே வந்தது 2002-இல். கைகள் முதலில் தயாராக இருந்தன, மிஷின் பின்னால் வந்தது. உங்கள் இடத்தில் வரிசை தலைகீழ், அவ்வளவுதான். யாராவது டேபிள் ஃபேனின் உடைந்த நாப்பைக் கொண்டு வரட்டும், அளவெடுத்து அதை அச்சடியுங்கள். கூட்டம் தன்னால் வரும்.

அப்புறம், கிளப் அறைக் கதவில் ‘குடியிருப்போருக்கு மட்டும்’ என்று அட்டை தொங்குவதாக எழுதியிருந்தாயே, முதலில் அதைக் கழற்று. கேட்டருகே தையல் மிஷின் போட்டிருக்கும் பாயைக் கூப்பிடு. உங்கள் பிளம்பரையும் கூப்பிடு. சும்மா வேலை வாங்காமல் கூலியைக் கொடுத்து, நாற்காலியும் போடு. செயலாளர் முணுமுணுத்தால் என் பெயரைச் சொல்.

தம்பி மகன் கோயம்புத்தூர் வருகிறான். அவனிடம் ஒரு பை குச்சியும் ஐந்து மீட்டர் வால்வு டியூப்பும் கொடுத்தனுப்புகிறேன். முள்ளை நீயே பார்த்துக்கொள்.

உன் அம்மாவின் தையல் மிஷின் இன்னும் பரணில்தானே கிடக்கிறது? பொங்கலுக்கு வரும்போது டிக்கியில் போட்டுக் கொண்டு வா. எண்ணெய் விட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
செல்வி